உப்பளக் கரையில் நாலு தந்தி

இருபது வருடமாக மற்றவர்களின் பாட்டைப் பற்றி எழுதி வருகிறேன். நான் எழுதிய பாட்டுகள் டைரியோடு கிடந்தன. அவற்றை வெளியே எடுக்கத் துணிச்சல் தந்தவர் சில்வி சிம்மன்ஸ். லண்டனில் பிறந்த இசைப் பத்திரிகையாளர். 2012-இல் பாடகர் லெனார்ட் கோஹனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். 2014-இல் நாலு தந்தி கொண்ட யுகுலேலேயோடு தன் பாட்டுகளைப் பாடி ‘சில்வி’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அதைக் கேட்டுத்தான் நானும் யுகுலேலே வாங்கினேன். போன பங்குனியில், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய உறவினர் வீட்டில் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தேன். அங்கே கற்றவை இவை.

குரலை இறக்குங்கள். யுகுலேலேயின் மிகத் தாழ்ந்த ஒலியே பியானோவின் நடு ‘சி’தான். கித்தார்போல அடியில் தாங்கும் கனம் அதற்கில்லை. உரக்கப் பாடினால் கருவி அமுங்கிவிடும். ஒரு கட்டை இறக்கி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடினேன்.

விடியலில் பதிவு செய்யுங்கள். உச்சிவேளையில் கடற்காற்று எழுந்தால் மைக்கில் இரைச்சல்தான் விழும். அதிகாலையில் காற்று அடங்கியிருக்கும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

கருவியைத் துடைத்து வையுங்கள். நைலான் தந்தி துருப்பிடிக்காது. ஆனால் உப்புக்காற்றில், தந்தியை முறுக்கும் பிருடையின் திருகுகள் துருப்பிடிக்கும். என் கருவியில் இரண்டாம் வாரமே செம்புள்ளி விழுந்தது. வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறையில் போடுங்கள். புதுத் தந்தி சில நாள் இளகிக்கொண்டே இருக்கும். பதிவுக்கு ஒரு வாரம் முன்பே மாட்டிவிடுங்கள்.

பிசிறை அவசரப்பட்டு நீக்காதீர்கள். மூன்றாவது பாட்டு என் அம்மாவைப் பற்றியது. கடைசி வரியில் குரல் உடைந்தது. வெயிலுக்கு முன்பே உப்பள வேலை தொடங்கிவிடும் என்பதால், பின்னால் உப்பு வாரும் பலகையின் ‘சரக் சரக்’ வேறு. மறுபடி மறுபடி பாடி, ஒன்பதாவது தடவை சுத்தமாக வந்தது.

வேலை முடித்து வந்த ஓர் அக்காவிடம் இரண்டையும் கேட்கக் கொடுத்தேன். அவர் கணுக்காலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சுத்தமான பதிவைக் கேட்டதும், “நல்லா இருக்கும்மா” என்றார். உடைந்ததைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உங்கம்மா இருக்காங்களா?” என்று கேட்டார்.

உடைந்த பதிவுதான் ஆல்பத்தில் இருக்கிறது. குரல் பிசிறிய இடங்களைக் குறை என்று எத்தனையோ விமர்சனங்களில் எழுதியிருக்கிறேன். இனி அந்த இடத்தை இன்னொரு முறை கேட்காமல் எழுத மாட்டேன்.