ஒயின் எழுத்தாளர்களும் பர்பன் விஸ்கியும் – ஓர் ஆய்வு

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

முன்னுரை

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் பழமொழி. அச்சில் வந்ததையும் தீர விசாரிக்க வேண்டும் என்பதை நான் உணர்ந்தது எங்கள் துறைக் கருத்தரங்கில்தான். நொதித்தல் தொழில்களைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதற்காக ஒயினைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்றைப் படித்தேன். அதன் இறுதியில் அமெரிக்க நாட்டுப் பர்பன் விஸ்கிக்கும் ஓர் அத்தியாயம் இருந்தது. “பர்பன் கென்டக்கி மாநிலத்தில் மட்டுமே தயாரிக்கப்பட வேண்டும், இரண்டு ஆண்டுகளாவது பீப்பாயில் முதிர வேண்டும்” என்று அந்நூலில் கண்டபடியே சொன்னேன். பேராசிரியர் கேட்டது ஒரே கேள்விதான்: “தம்பி, இதைச் சட்டத்தில் பார்த்தாயா, ஒயின் புத்தகத்தில் பார்த்தாயா?”

என்னிடம் விடை இல்லை. என் பேச்சை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தார்கள் என்பது அதைவிட உறுத்தியது. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. மதுவைப் போற்றுவது என் நோக்கமன்று. ஒரு துறையின் அறிவு மற்றொரு துறையில் எவ்வாறு பிழையாக மாறுகிறது என்பதை ஆராய்வதே நோக்கம்.

சட்டம் கூறும் இலக்கணம்

பர்பன் என்பது மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடிக்கப்படும் விஸ்கி. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின்படி அது அமெரிக்க நாட்டில் தயாரிக்கப்பட வேண்டும். தானியக் கலவையில் மக்காச்சோளம் 51 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது. வடிக்கும்போது சாராயச் சத்து 80 விழுக்காட்டையும், மரக் கலனில் ஊற்றும்போது 62.5 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. அக்கலன் புதியதாகவும் உட்புறம் தீயில் கருக்கப்பட்டதாகவும் உள்ள ஓக் மரக் கலனாக இருக்க வேண்டும். புட்டியில் அடைக்கும்போது சத்து 40 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது. இந்த இலக்கணத்தில் கென்டக்கி என்ற பெயரே இல்லை!

பிழைகளின் பிறப்பிடம்

முதலாவது, இடம் பற்றிய பிழை. பிரான்சில் ஷாம்பெயின் என்ற பெயர் ஒரு நிலப்பகுதிக்கே உரியது. அவ்வழக்கில் ஊறியவர் பர்பனையும் ஓர் ஊரோடு கட்டிப்போட விரும்புகிறார். கென்டக்கியில் பர்பன் என்ற மாவட்டம் இருப்பது உண்மை. கென்டக்கி தனி மாநிலமாகாமல் வர்ஜீனியாவில் அடங்கியிருந்த 1785-ஆம் ஆண்டிலேயே அது அமைக்கப்பட்டது. ஆயினும் 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பர்பனை ‘அமெரிக்க நாட்டின் தனித்தன்மை வாய்ந்த பொருள்’ என்று தீர்மானித்ததே தவிர, கென்டக்கியின் தனிச்சொத்து என்று கூறவில்லை. பெரும்பகுதி அங்கே உற்பத்தியாகிறது. ஆனால் சட்டப்படி வேறு மாநிலங்களிலும் தயாரிக்கலாம்.

இரண்டாவது, வயது பற்றிய பிழை. இரண்டு ஆண்டு விதி ‘ஸ்ட்ரெயிட் பர்பன்’ என்ற வகைக்கு மட்டுமே உரியது. வெறும் ‘பர்பன்’ என்ற பெயருக்குக் குறைந்தபட்சக் கால வரையறை இல்லை. நான்கு ஆண்டுகளுக்குக் குறைந்ததாயின் வயதைச் சீட்டில் குறிக்க வேண்டும். 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் ‘பாட்டில்டு இன் பாண்ட்’ வகைக்கோ நான்கு ஆண்டுகள் கட்டாயம். இம்மூன்றையும் கலந்துவிட்டால் குழப்பமே மிஞ்சும்.

மூன்றாவது, புட்டி பற்றிய பிழை. நல்ல ஒயின்கள் சில, புட்டிக்குள்ளும் ஆண்டுக்கணக்கில் மாறி மெருகேறும். விஸ்கி அப்படியன்று. மரத்தை விட்டுப் பிரிந்ததும் அதன் முதிர்ச்சி நின்றுவிடும். பன்னிரண்டு ஆண்டுப் பர்பனை இருபது ஆண்டுகள் அலமாரியில் பூட்டி வைத்தாலும் அது பன்னிரண்டு ஆண்டுப் பர்பனே. ஒயின் புட்டியைப் படுக்க வைப்பதுபோல் இதையும் படுக்க வைத்தால் கடும் சாராயம் தக்கையைக் கெடுத்துவிடும்.

நான்காவது, பீப்பாய் பற்றிய பிழை. ஒயின் பீப்பாயின் உட்புறம் பெரும்பாலும் இளஞ்சூட்டில் வாட்டப்படுகிறது. பல முறை பயன்படுகிறது. பர்பன் பீப்பாயின் உட்புறமோ கரியாகும்படி எரிக்கப்படுகிறது. பர்பனுக்கு அது ஒரே ஒருமுறைதான் உதவும்; பின்னர் ஸ்காட்லாந்து போன்ற நாடுகளுக்கு விற்கப்படுகிறது. வெப்பத்தால் மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் உண்டாகிறது. கரிப்படலம் வேண்டாத கந்தகச் சேர்மங்களை ஈர்க்கிறது. ஒயினுக்குக் குளிர்ந்த நிலவறை தேவை. கென்டக்கிக் கிடங்குகளிலோ கோடை வெப்பத்தில் சாராயம் மரத்துக்குள் புகுவதும், குளிரில் வெளியேறுவதும்தான் முதிர்ச்சிக்கு அடிப்படை. மேல் தளங்களின் வெப்பத்தில் சாராயத்தைவிட நீர் மிகுதியாக வெளியேறுவதால் சத்து ஏறுவதும் உண்டு.

ஐந்தாவது, சொல் பற்றிய பிழை. ‘சவர் மேஷ்’ என்பதைப் ‘புளிப்புச் சுவை’ என்று பொருள்கொள்வோர் உளர். அது சுவையைக் குறிப்பதன்று, முறையைக் குறிப்பது. முந்தைய வடிப்பில் எஞ்சிய அமிலத்தன்மையுள்ள கழிவு நீரில் ஒரு பகுதியை அடுத்த கலவையில் சேர்ப்பார்கள். அதனால் வேண்டாத பாக்டீரியங்கள் அடங்கி, ஈஸ்ட் நன்கு வேலை செய்யும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கென்டக்கியில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் குரோ இம்முறையை அறிவியல் வழியில் சீர்செய்தவராகப் போற்றப்படுகிறார்.

மறுபக்கமும் உண்டு

பழியை ஒயின் எழுத்தாளர்மீது மட்டும் சுமத்துவது நேர்மையன்று. எலைஜா கிரெய்க் என்ற பாதிரியார் 1789-இல் பர்பனைக் கண்டுபிடித்தார் என்ற கதையை விஸ்கி வணிகர்களே விரும்பிப் பரப்பினர். அதற்கு அக்காலச் சான்று இல்லை. மேலும், மணத்தையும் சுவையையும் நுட்பமாகப் பிரித்தறிவதில் ஒயின் அறிஞர்களின் பயிற்சி மெச்சத்தக்கது. நாவின் பயிற்சி சுவையைச் சொல்லும். சட்டத்தையும் செய்முறையையும் சொல்லாது. அவற்றைத் தேடித்தான் அறிய வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஐந்து பிழைகளில் எதுவும் வெறும் அறியாமையால் வந்ததன்று. ஒவ்வொன்றின் பின்னும் ஒயினைப் பற்றிய ஓர் உண்மையோ, ஒயினால் பழகிய ஒரு பார்வையோ நிற்கிறது. ஒன்றும் அறியாதவன் கேட்டுத் தெரிந்துகொள்வான். பாதி ஒத்திருக்கும் பொருளைக் கண்ட அறிஞர் கேட்கத் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார். அவர் பெயரை நம்பி நான் சொன்னேன். என்னை நம்பி மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். பிழை பரவும் வழி இதுதான்.

மறுவாரம் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குச் சென்று என் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருத்தச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் குறிப்பேடுகளில் அந்த இரண்டு வரிகளை அவர்கள் அடித்தபோது, கருத்தரங்கில் கைதட்டு வாங்கியபோது வராத நிறைவு எனக்கு வந்தது.