செட்டிநாட்டில் ஒரு நாள்: சிலபஸில் இல்லாத நாலு பாடம்

ஐ.வி. என்றாலே நமக்கு ஃபேக்டரியில் அரை மணி நேரம், மீதி மூணு நாள் ஊட்டி, மூணாறு. தப்பில்லை. ஆனா ஊர் சுத்துறதே பாடமா இருக்கிற இடம் ஒண்ணு சிவகங்கை மாவட்டத்தில் இருக்கு. காரைக்குடியில் இறங்குங்க. நோட்டு, டேப், ஒரு சின்ன தெர்மாமீட்டர் கையில் இருந்தால் போதும்.

பாடம் 1: மூச்சு விடும் வீடு

காலையில் முதலில் கானாடுகாத்தான். காரைக்குடியிலிருந்து சுமார் 15 கி.மீ. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார், 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை கட்டிய வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள் என்று கைடு சொல்லிக்கொண்டே போவார். நீங்கள் முகப்பில் நின்று நேராக உள்ளே பாருங்கள். வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வாசல்கள் ஒரே கோட்டில் போகும். பெரிய வீடுகளில் பின்வாசல் அடுத்த தெருவில்தான் திறக்கும்.

நடுவில் திறந்த முற்றம். அங்கே சூடான காற்று மேலே ஏறும். அந்த இடத்தை நிரப்ப, நிழலில் இருக்கும் காற்று உள்ளே இழுக்கப்படும். புத்தகத்தில் ஸ்டாக் எஃபெக்ட் என்று படித்தது இதுதான். ஓட்டுக்கூரை உள்பக்கம் சரிவதால் மழைத்தண்ணியும் முற்றத்துக்கே வந்து சேரும். மழை குறைந்த ஊரில் அது அலங்காரத்துக்குச் செய்த வேலை இல்லை.

பளபளப்பான சுவரைத் தொட்டுப் பாருங்க. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த பூச்சு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை வாங்கி மெதுவாக மறுபடி கல்லாகிறது. அவசரப்பட்டால் நடக்காத வேலை.

பாடம் 2: சுடாத டைல்

அடுத்து ஆத்தங்குடி. இங்கே பட்டறைகளில் சூளையே கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் டிசைன் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கட்டம் கட்டமாகக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் மேலே மணலும் சிமென்டும் கலந்த தூள், அதற்கு மேல் ஈரக் கலவை. காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறல். அதுதான் நம்ம கியூரிங்: சிமென்ட் இறுகுவது தண்ணீரோடு நடக்கும் ஹைட்ரேஷனால், சூட்டால் இல்லை. பாலிஷ் போடாமலே மேல்பக்கம் மின்னுவது ஏன்? கண்ணாடியின் வழவழப்பை அப்படியே சிமென்ட் வாங்கிக்கொள்கிறது.

வேலை செய்கிறவரிடம் அனுமதி கேட்டுப் படம் எடுங்க. ஒரு நாளைக்கு எத்தனை டைல், ஒண்ணுக்கு என்ன கூலி, பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்களா என்றும் கேளுங்க. அந்தப் பதில் எந்த லேப் மேனுவலிலும் வராது.

பாடம் 3: இலையில் வரலாறு

மதியம் காரைக்குடியில் ஒரு மெஸ். செட்டிநாடு என்றால் வெறும் காரம் என்று நினைத்தால் பாதிதான் சரி. கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ வாசனையைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்க. கல்பாசி உண்மையில் பாறையிலும் மரத்திலும் வளரும் லைக்கன். கவுனி அரிசி இனிப்பு கிடைத்தால் விடாதீங்க. அந்தக் கறுப்பு அரிசி பர்மா தொடர்பில் வந்து சேர்ந்தது. காலையில் பார்த்த தேக்குத் தூணும் இந்த அரிசியும் ஒரே கடல்வழி.

பாடம் 4: கதவுக்கு விலை

கடைசியாக, முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். எனாமல் பாத்திரம், பழைய படங்கள் நடுவே செதுக்கிய நிலைக்கதவும் தூணும் சாத்தி வைத்திருப்பார்கள். ஒரு நிமிஷம் யோசிங்க. அது ஏதோ ஒரு வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த தூண். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். ஓடு மாற்றவே பெரிய செலவு. பிரித்து விற்றால் உடனே காசு. அவர்களைக் குறை சொல்வது நமக்குச் சுலபம். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இலேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆனால் பட்டியல் வந்து ஓடு மாற்றாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும், அந்தக் கட்டடத்தைக் கணக்குப் போடத் தெரிந்த இன்ஜினியரும் வேண்டும்.

அந்த இன்ஜினியர் நீங்களாக இருக்கலாம். அதனால் ஒரு ஹோம்வொர்க்: மதியம் 2 மணிக்குத் தெருவில், முற்றத்தில், உள் அறையில் வெப்பநிலை எடுங்க. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு செக்‌ஷன் வரைங்க. திரும்பி வந்து உங்க ஹாஸ்டல் அறையிலும் அதே 2 மணிக்கு அளந்து பாருங்க. இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்க; டிசைன் கிளாஸில் அடுத்து என்ன கேள்வி கேட்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.