ஏரி மேல் குடித்தனம்

மினசோட்டாவில் குளிர் முற்றியதும் ஏரிகளின் மேல் ஊர்கள் முளைக்கும். மில் லாக்ஸ், அப்பர் ரெட் லேக், கனடா எல்லையில் விரிந்து கிடக்கும் லேக் ஆஃப் தி வுட்ஸ் என்று எங்கே போனாலும், உறைந்த நீரின் மேல் தெருப்போட்டதுபோல மீன்பிடி வீடுகள் நிற்கும். அவற்றில் பல இப்போது சக்கரம் வைத்தவை. வீல்ஹவுஸ் என்பார்கள். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய் நிறுத்தி, வின்ச்சை இயக்கினால் சக்கரங்கள் மேலேறும். வீட்டின் அடிச்சட்டம் பனிக்கட்டியில் உட்காரும். தரையில் உள்ள வட்ட மூடிகளைத் திறந்து, கீழே துளை போட்டு, காலுறையோடு கட்டிலில் உட்கார்ந்தபடியே தூண்டில் விடலாம்.

கடையில் வீட்டை இறக்கிக் காட்டுவார்கள். பத்து நிமிட வேலை, பார்க்க ஆசையாக இருக்கும். மூன்று நாள் கழித்து, மைனஸ் 25 டிகிரியில், அதே வீட்டைக் கிளப்புவதை யாரும் காட்ட மாட்டார்கள். புதிதாக வாங்கியவர் மாட்டிக்கொள்வது அங்கேதான். அதனால் கீழே எந்த வேலையைச் சொன்னாலும், திரும்பும் நாளை நினைத்தே சொல்கிறேன்.

முதல் இரவு உங்கள் வீட்டு வாசலில்

ஏரிக்குப் போகுமுன் வண்டி நிறுத்தும் இடத்திலேயே ஓர் இரவு அதில் தூங்குங்கள். அக்கம்பக்கத்தார் சிரிக்கட்டும். ஹீட்டர் விடியும்வரை எரிகிறதா, பேட்டரி எத்தனை மணிக்குப் படுக்கிறது, எந்த ஜன்னல் வழியே காற்று நுழைகிறது என்பதெல்லாம் அந்த ஓர் இரவில் தெரிந்துவிடும். குறையிருந்தால் பத்து அடி நடந்து படுக்கைக்குப் போய்விடலாம். ஏரியில் அந்த வசதி கிடையாது.

இறக்கி ஏற்றுவதை மூன்று முறையாவது பழகுங்கள். முதலில் எந்தப் பக்கம், வண்டியிலிருந்து கழற்றுவது எப்போது என்ற வரிசை மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைப் படிப்பதைத் தவிர வழியில்லை. கையால் சுற்றும் வின்ச் என்றால் ஒரு எச்சரிக்கை. கைப்பிடியைப் பாதியில் விட்டால் வீட்டின் எடை அதைப் பம்பரமாகச் சுழற்றும். குறுக்கே நீட்டிய கை முறியும். சக்கரங்களை இறக்கி வீட்டை உயர்த்தியதும் பூட்டு ஊசிகளைக் குத்த மறக்கக் கூடாது. அவை இல்லாமல் சாலையில் போனால் மொத்த எடையும் வின்ச் கம்பியை நம்பித்தான் தொங்கும்.

சாமான் ஏற்றும்போது மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வண்டியின் கொக்கியில் விழும்படி பாருங்கள். பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலையில் வீடு வாலாட்டும். முதல் 80 கிலோமீட்டரில் நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

பனி தாங்குமா?

மினசோட்டா இயற்கை வளத் துறையின் அளவுப்படி மனிதர் நடக்க 4 அங்குலத் தெளிந்த பனிக்கட்டி போதும். நடுத்தர பிக்கப்புக்கு 13 அங்குலம். கனமான பிக்கப் வீல்ஹவுஸை இழுத்துப் போக 20 அங்குலத்துக்கு மேல் வேண்டும். பனி பெய்து ஊறி உறைந்த வெள்ளைக் கட்டிக்கு வலு குறைவு. அதற்கு இந்த அளவுகளை இரட்டித்துக்கொள்ளுங்கள். நேற்று யாரோ போனார் என்பது அளவாகாது. போகும் வழியெல்லாம் துளையிட்டு அளந்து பாருங்கள். ஒரே ஏரியில் நீரோட்டம் உள்ள இடத்திலும் விரிசல் முகட்டின் அருகிலும் கனம் சட்டென்று இறங்கிவிடும்.

புதியவருக்கு என் யோசனை: முதல் பருவத்தில் கட்டணம் கொடுத்து, ஏரிக்கரை விடுதிக்காரர்கள் பராமரிக்கும் பனிச்சாலையிலேயே போங்கள். பனியை அன்றாடம் அளந்து பழகியவர்கள் அவர்கள். அந்தச் சாலையிலும் மெதுவாகவே ஓட்டுங்கள். வண்டியின் வேகம் பனிக்கடியில் அலையை எழுப்பும். அது கரையோரத்தில் கட்டியை உடைத்துவிடும். சீட் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாலையில் படித்த பாடத்துக்கு நேர் எதிர்தான், ஆனால் ஏரியில் இதுதான் உயிர்காக்கும்.

இறக்குவது

பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் பத்தடியாவது இடைவெளி இருக்க வேண்டும், இது சட்டம். வீட்டின் முகப்பு வெளியேறும் பாதையைப் பார்த்திருக்கட்டும். இரவில் பனிக்காற்று வீசினால் காலையில் வண்டியைத் திருப்ப இடமிருக்காது. கதவுப் பக்கம் காற்றடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மண்வெட்டி வேலை. வீடு உட்காரும் இடத்தில் பனித்தூளை வழித்து வெறும் கட்டி தெரியச் செய்யுங்கள். வீட்டின் சூட்டில் அந்தத் தூள் இளகி மறுபடி உறைந்தால் சட்டத்துக்கும் ஏரிக்கும் நடுவில் பசையாகிவிடும். பிறகு சட்டத்தின் நான்கு மூலைக்கும் சக்கரங்களுக்கும் அடியில் மரக்கட்டைகளை வைத்து, அவற்றின் மேல் இறக்குங்கள். இந்த இரண்டு அங்குல உயரம்தான் கிளம்பும் நாளில் உங்களைக் காப்பாற்றப்போகிறது. இடைவெளியில் குளிர்காற்று வராமல் சுற்றிலும் உலர்ந்த பனியை லேசாக அணையுங்கள். ஈரப்பனியை அப்பிவிடாதீர்கள், அது சுவரோடு கல்லாகும்.

துளை போடுவதில்தான் நான் அடிபட்டேன். வீடும் வண்டியும் அமுக்க, பனிப்பரப்பு கொஞ்சம் கீழே தாழும். துளை திறந்ததும் ஏரி அந்த வழியாக மேலே ஏறும். முதல் பயணத்தில் ஆர்வக்கோளாறில் எட்டுத் துளைகளையும் அடுத்தடுத்துப் போட்டேன். வண்டியும் வீட்டை ஒட்டியே நின்றது. விடிந்து பார்த்தால் அடிச்சட்டம் நான்கு அங்குலக் கட்டிக்குள் புதைந்திருந்தது. கடப்பாரையோடு நாலு மணி நேரம் போராடினேன். இப்போது முதலில் வண்டியைத் தூரத்தில் கொண்டு போய் நிறுத்துகிறேன். வண்டிகளுக்கிடையே 50 அடி விட்டு, இரண்டு மணிக்கொருமுறை இடம் மாற்றச் சொல்கிறது இயற்கை வளத் துறை. பிறகு ஒரே ஒரு துளை. கால் மணி நேரம் பார்ப்பேன். தண்ணீர் பொங்கி வழிந்தால் வீட்டைத் தூக்கி இன்னொரு அடுக்குக் கட்டை வைப்பேன், அல்லது இடத்தையே மாற்றுவேன். துளையிலிருந்து வரும் கூழ்ப்பனியை வாளியில் அள்ளி வெளியே தூரமாகக் கொட்ட வேண்டும். தரைக்கடியில் தள்ளினால் அங்கேயே உறைந்து பிடித்துக்கொள்ளும்.

சூடு, காற்று, மின்சாரம்

ஹீட்டருக்கு எரிவாயு மட்டும் போதாது, அதன் விசிறிக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். கடுங்குளிரில் ஈய-அமில பேட்டரி தன் கொள்ளளவில் பாதியளவைத்தான் தரும். முழுதும் இறங்கினால் உறைந்து வெடிப்பு விடும். லித்தியம் என்றால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, வீட்டுக்குள் கதகதப்பில் வையுங்கள். ஜெனரேட்டரைக் காற்று வெளியே கொண்டுபோகும் திசையில், வீட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

20 பவுண்டு புரோப்பேன் சிலிண்டர், 20,000 பிடியூ ஹீட்டர் நிற்காமல் எரிந்தால், ஏறக்குறைய ஒரு நாளைக்குத்தான் வரும். குறையக் குறைய, குளிர் கூடக்கூட, அழுத்தமும் இறங்கும். பாதி காலியான சிலிண்டரைப் படுக்குமுன் மாற்றிவிடுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு ரெஞ்சோடு வெளியே நிற்பது மீன்பிடி அல்ல.

கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஓர் இரவும் தங்கக் கூடாது. புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம் தேங்கும்; அதற்கான கருவி தாழ்வாக இருக்கட்டும். ஜன்னலில் ஒரு விரல் அளவு திறப்பும் வேண்டும். அடுப்பு மூட்டினால் சுவரெல்லாம் வியர்க்கும், அந்த ஈரமும் அதே வழியாகப் போகும்.

மீனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இங்கே எல்லோரும் தேடுவது வால்ஐ மீனை. அந்தி மங்கும் நேரமும் விடியலும் அதன் வேளை. ஒருவர் இரண்டு தூண்டில் வரை போடலாம். சுவரில் மாட்டும் கிலுகிலுப்பைச் சுருளில் ஒன்றை விட்டுத் தூங்குங்கள். மீன் இழுத்தால் அது உங்களை எழுப்பும்.

கிளப்புவது

பகல் வெளிச்சம் நிறைய இருக்கும்போதே தொடங்குங்கள். சட்டத்தைச் சுற்றிக் கட்டியைக் கடப்பாரையால் விடுவித்துவிட்டு, ஒரு மூலை கொஞ்சம், எதிர் மூலை கொஞ்சம் என்று மாற்றி மாற்றி உயர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட வீட்டை வண்டியால் வெடுக்கென இழுக்கவே கூடாது, சக்கரக் கைகள் வளைந்துபோகும். மரக்கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருபவர் கால் விடாதபடி ஒவ்வொரு துளையிலும் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். குப்பையும் கழிவும் உங்களோடு திரும்ப வேண்டும். பனியில் விட்டுச் செல்வோருக்கு 2023 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

வீட்டை ஏரியில் ஆளில்லாமல் விட்டுப்போவதானால், வெளிச்சுவரில் இரண்டு அங்குல எழுத்தில் பெயரும் முகவரியும் அல்லது ஓட்டுநர் உரிம எண் வேண்டும். இரவில் ஏரியில் நிற்கும் வீட்டுக்கு எல்லாப் பக்கமும் ஒளி திருப்பும் பட்டையும் வேண்டும். தென்பகுதி ஏரிகளில் மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, வடபகுதியில் மூன்றாம் திங்கட்கிழமை, கனடா எல்லை நீர்களில் மார்ச் 31, அதற்குள் வீடு கரையேறிவிட வேண்டும். கடைசி நாளுக்குக் காத்திருந்தால் கரையோரப் பனி உங்களுக்காகக் காத்திருக்காது.

வீடு வந்ததும் துளை மூடிகளைத் திறந்து உலரவிடுங்கள். கோடையில் எலி உள்ளே போகும் ஓட்டைகளை அடையுங்கள், முக்கியமாக ஹீட்டரின் புகைக்குழாயைக் கம்பி வலையால். அந்த வலையை எடுத்துவிட்டுத்தான் டிசம்பரில் ஹீட்டரை மூட்ட வேண்டும். மறக்காமலிருக்க, அதன் சுவிட்சிலேயே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.