ராஷ்டிரபதி ரோவர்: 25 வயசுக்குள்ள ஏற வேண்டிய அஞ்சு படி

"ஸ்கவுட்டா? அது ஸ்கூல் பசங்க சமாச்சாரம்" என்று நினைத்து இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போடுங்க. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பசங்களுக்கு ரோவர், பொண்ணுங்களுக்கு ரேஞ்சர் என்று தனிப் பிரிவு இருக்கு. அதற்கான வயது 15 முதல் 25 வரை. உங்களுக்கு இப்போ 18 என்றால் இன்னும் 7 வருஷம், 21 என்றால் 4 வருஷம் கையில் இருக்கு. பள்ளியில் ஒருநாள் கூட ஸ்கார்ஃப் கட்டாதவங்களும் இதில் சேரலாம். இந்தப் பிரிவின் உச்சப் படிதான் ராஷ்டிரபதி விருது, அதாவது நாட்டின் குடியரசுத் தலைவர் பெயரால் தரப்படும் விருது.

கொஞ்சம் வரலாறு

1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமில்தான் சாரணியம் ஆரம்பித்தது. இரண்டே வருஷத்தில், 1909இல், பெங்களூருக்கு வந்துவிட்டது. ஆனால் அப்போது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். நம்ம பசங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டு, 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் தனியாக ஓர் இந்திய சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அப்படிப் பிரிந்து கிடந்த சங்கங்கள் விடுதலைக்குப் பிறகு இணைந்து, 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண இயக்கமாக ஆயின. அமெரிக்காவில் இதே மாதிரி உச்சப் படிக்கு ஈகிள் ஸ்கவுட் என்று பெயர். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் ஓர் ஈகிள் ஸ்கவுட்.

அஞ்சு படி

ரோவருக்கு பிரவேஷ், பிரவீண், நிபுண், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி என்று வரிசை. பிரவேஷ் நுழைவுப் படி. உறுதிமொழி, ஒன்பது அம்சச் சாரணர் சட்டம், இயக்கத்தின் அடிப்படை எல்லாம் அங்கே. பிரவீண், நிபுண் இரண்டும் திறமையை வளர்க்கிற படிகள். நாலாவதுக்கு மாநில அளவிலும், அஞ்சாவதுக்கு தேசிய அளவிலும் தேர்வு நடக்கும். ஒரு படியில் குறிப்பிட்ட காலம் வேலை செய்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும். செமஸ்டருக்கு முந்தின ராத்திரி படித்துப் பாஸ் ஆகிற வித்தை இங்கே செல்லாது! அதனால் முதல் நாளிலிருந்தே லாக் புக் எழுதுங்க. என்ன செய்தீங்க, எந்தத் தேதி, யார் கையெழுத்து, மூணும் அதில் இருக்கணும்.

பாடத்தில் என்ன இருக்கு?

முடிச்சிலிருந்து தொடங்கலாம். ஒரே தடிமன் உள்ள இரண்டு கயிற்றை இணைக்க ரீஃப் நாட். தடிமன் வேறு வேறு என்றால் அது நழுவும், அங்கே ஷீட் பெண்ட் போடணும். இழுத்தாலும் இறுகாத வளையம் வேண்டுமா? பௌலைன். நம்ம லேபில் படிக்கிற உராய்வுதான் இது எல்லாமே.

அடுத்தது உயரம் கணிப்பது. 1 மீட்டர் கோலின் நிழல் 80 செ.மீ., அதே நேரத்தில் ஒரு மரத்தின் நிழல் 8 மீட்டர். மரத்தின் உயரம்? 8ஐ 0.8ஆல் வகுங்க, 10 மீட்டர். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணம், கையில் டேப் மட்டும்.

ஆனால் நம்ம ஊர்ப் பக்கம் அதிகம் வேண்டியது முதலுதவி. ஏன் என்று பாருங்க.

தொட்டிக்குள்ள இறங்காதே

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களில்தான் நம்மில் பல பேர் வீடு. தோலில் உள்ள முடியை நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறாங்க. அடுத்தடுத்த கட்டங்களில் அமிலம் வருது. சல்ஃபைடு கழிவும் அமிலக் கழிவும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அதன் மூலக்கூறு எடை 34, காற்றின் சராசரி 29. அதனால் குழியின் அடியிலேயே தங்கும்.

முதலில் அழுகின முட்டை வாசனை வரும். ஆனால் 100 பிபிஎம் தாண்டினால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துப் போகும். "நாத்தம் போயிடுச்சு, இப்ப இறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 500க்கு மேல் போனால் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குவார், அவரும் விழுவார், பிறகு மூணாவது. இப்படிப்பட்ட விபத்துகளில் காப்பாற்றப் போனவங்களே சேர்ந்து சாவது உலகம் முழுக்க நடக்கிறது.

முதலுதவியின் முதல் பாடம் இதுதான்: முதலில் உங்க பாதுகாப்பு. மூச்சுக் கருவி இல்லாமல் இறங்காதீங்க, யாரையும் இறங்க விடாதீங்க. முகத்தில் கட்டுகிற ஈரத் துணி இந்த வாயுவைத் தடுக்காது. உடனே 108க்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லுங்க. இறங்குகிறவர் இடுப்பில் முன்கூட்டியே பெல்ட்டும் கயிறும் இருந்து, மேலே ஆளும் நின்றால், யாரும் உள்ளே போகாமலே இழுத்துவிடலாம்.

உங்க குழுவுக்கு ஒரு யோசனை

ரோவரின் கொள்கைச் சொல் "சேவை". ரத்ததானம், மரம் நடுதல் எல்லாம் நல்லதுதான். ஆனால் தமிழ், உருது, இந்தி மூணிலும் "இறங்காதே, கூப்பிடு, மேலிருந்து இழு" என்று எழுதின பலகையைத் தொட்டி ஓரத்தில் வைக்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்க. வேலை செய்கிற அண்ணன்களுக்கு அரை மணி நேரம் செய்து காட்டுங்க. கெமிக்கல், மெக்கானிக்கல் படிக்கிற நம்மை விட இதை யார் விளக்குவாங்க?

எப்படி ஆரம்பிக்கிறது?

காலேஜில் ரோவர் குழு இருக்கா என்று பிசிக்கல் டைரக்டரிடம் கேளுங்க. இல்லையென்றால் மாவட்ட சாரணர் சங்கத்தை அணுகினால், வெளியில் இயங்கும் குழுக்களைச் சொல்வாங்க. ஒரு குழுவில் 24 பேர் வரை இருக்கலாம், எனவே ஃபிரெண்ட்ஸோடயே சேருங்க.

ரயில்வேயில் ஸ்கவுட்ஸ் கோட்டா இருக்கு, அதற்கு ராஷ்டிரபதி விருது ஒரு தகுதி. பல வருஷம் இயக்கத்தில் தொடர்ந்து இருந்ததற்கான சான்றும் கேட்பாங்க. அது நியாயமான ஆசைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சான்றிதழ் ஃபைலுக்குள் இருக்கும். ஒருத்தர் குழிக்குள் விழும்போது, பக்கத்தில் நிற்கிறவருக்கு என்ன செய்யணும் என்று தெரிந்திருக்கணும். அந்த இடத்தில் நிற்கிறது நீங்களாக இருந்தால்?