அச்சு மையும் தேங்காய் எண்ணெயும்

சென்ற ஆண்டு நம் சங்க மலரைக் கையில் வாங்கியவுடன் அதிலிருந்து ஒரு வாடை எழுந்தது, நினைவிருக்கிறதா நண்பர்களே? புதுத்தாளின் மணம் என்று பலர் முகர்ந்து மகிழ்ந்தனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், மெய்ப்புத் திருத்துவதற்காக ஓக்லாவிலுள்ள ஓர் அச்சகத்தில் மூன்று நாள் உட்காரும் வரையில்.

ஆப்செட் எந்திரத்தில் மை நேரே தாளில் படுவதில்லை. தகட்டிலிருந்து ஒரு ரப்பர் விரிப்பில் ஏறி, அதிலிருந்து தாளில் இறங்குகிறது. இவ்விரிப்பை 'பிளாங்கெட்' என்பர் அச்சகத்தார். நிறம் மாற்றும்போதும் மை திரளும்போதும் இதைத் துடைத்தாக வேண்டும். அங்கிருந்த மெஷின்மேன் பீகாரிலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கலந்த டப்பாவில் பழந்துணியைத் தோய்த்துத் துடைத்துக்கொண்டே இருப்பார். கையுறை இல்லை. தில்லிக் குளிருக்காகச் சன்னல்களும் அடைத்திருந்தன. "தலை சுற்றவில்லையா, சாச்சா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "மாலையில் சுற்றும், பேட்டா. கொஞ்சம் வெல்லம் தின்றால் தெளிந்துவிடும்" என்றார்.

வெல்லம் நல்ல பண்டந்தான். ஆயினும் நுரையீரல் வழியே குருதியில் கலந்த கரைப்பானை அது வெளியேற்றுமா?

ஜப்பானில் ஒசாகா நகரத்து அச்சகம் ஒன்றின் கதையை இங்கே கூற வேண்டும். அங்கு மெய்ப்புப் படிகளையே அடித்து வந்தார்கள். சில தாள் அடிப்பது, உடனே விரிப்பைத் துடைப்பது, மீண்டும் சில தாள்; இப்படி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை. காற்றோட்டம் போதாத அறை. துடைக்கப் பயன்பட்டது 1,2-டைகுளோரோபுரோப்பேன் என்னும் கரைப்பான். முதியோரிடமே பெரிதும் காணப்படும் பித்தநாளப் புற்றுநோய் அவ்வறையில் உழைத்த இளைஞரிடையே பரவியிருந்தது 2012-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்த ஓர் அச்சகத்தில் மட்டும் 17 பேர்! 2014-இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அப்பொருளை மனிதருக்குப் புற்று விளைப்பது என வகைப்படுத்தியது. இந்நோய் வெளிப்படும் வரையில் ஜப்பானின் கரைப்பான் விதிகளில் அதன் பெயர்கூட இல்லை. விதியில் இல்லாத பொருள் தீங்கற்ற பொருள் என்று கருதிவிட்டார்கள் போலும்.

நம் ஓக்லா டப்பாவில் அப்பொருள் இல்லை. ஆனால் பெட்ரோலில் பென்சீன் உண்டு. இந்திய விதிப்படி நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது. அந்த ஒரு பங்கும் குருதிப் புற்றுக்குக் காரணமாகும் பொருளே.

இது நிற்க. கரைப்பானே இல்லாமல் துடைக்க இயலுமா? இயலாது. ஆப்செட் மை எண்ணெய்ப் பசையுள்ளது. தண்ணீர் அதனிடம் நெருங்காது. ஒத்ததை ஒத்ததே கரைக்கும் என்பது இரசாயனத்தின் பாலபாடம். மையில் இருப்பது எண்ணெயானால், எண்ணெயினத்தைச் சேர்ந்த ஒன்றே அதைக் கரைக்கலாமே! இதைத்தான் டென்மார்க்கு நாட்டு அச்சகங்கள் 1980-களின் பிற்பகுதியில் செய்யத் தொடங்கின. தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை ஆல்ககாலோடு இணைத்து எஸ்டராக்கி, அதனால் உருளைகளையும் விரிப்புகளையும் துடைத்தனர். 1990-களில் வேறு ஐரோப்பிய நாடுகளுக்கும் இம்முறை பரவிற்று. தேங்காய் எண்ணெயிலிருந்து கிடைப்பனவும் அவ்வெஸ்டர்களுள் உண்டு என்று படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ!

விடுதி அறையில் தலைக்கு வைத்திருந்த எண்ணெயைத் தியாகம் செய்தோம், நானும் என் அறைத் தோழரும். ஆய்வுக்கூடத்தில் மெதனாலும் சிறிது பொட்டாசியம் ஹைடிராக்சைடும் சேர்த்துச் சூடாக்கினோம். பிரிபுனலில் கிளிசரின் கீழே தங்கியது; எஸ்டர் மேலே நின்றது. மெதனாலும் நஞ்சாதலால், எஸ்டரைப் பலமுறை நீரால் கழுவி உலர்த்தினோம். பெட்ரோலின் ஆவி உறைகுளிரிலும் தீப்பற்றும். இதுவோ 100 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால்தான் பற்றும். அறை வெப்பத்தில் ஆவியாவதும் மிகச் சொற்பம்.

பெருமிதத்தோடு அரைப் புட்டியை அச்சகத்துக்கு எடுத்துச் சென்றோம். சாச்சா துடைத்தார், மை அழகாக நீங்கிற்று. எந்திரம் ஓடியது. முதல் அறுபது தாள்களிலும் எண்ணெய்த் திட்டுகள்! உரிமையாளர் சொன்னவற்றை இங்கே எழுத இயலாது. ஆவியாகாமையே இதன் குணம். அதுவே இதன் குற்றமும் ஆயிற்று. பெட்ரோல் தானே பறந்துபோகும். எஸ்டரை நாம்தான் அகற்ற வேண்டும், முதலில் ஈரத் துணியால், பிறகு உலர்ந்த துணியால். ஒரு நிமிட வேலை மூன்று நிமிடமாகிறது. எந்திரம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உரிமையாளருக்குக் காசு.

தாவரப் பொருள் என்றவுடன் தீங்கற்றது என மயங்குவாரும் உளர். பைன் மரத்து டர்பன்டைனும் தாவரப் பொருளே; பெயின்டர்களின் கைகளில் அது உண்டாக்கும் தோல்நோய் பலர் அறிந்தது. ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் கிரீசைப் போக்குவதில் வல்லது. ஓசோன் படலத்தை அழிக்கும் சி.எப்.சி.-113-க்கு மாற்றாக, மின்னணுப் பலகைகளைக் கழுவ இவ்வினப் பொருளை 1988-இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினர். ஆனால் அது 48 பாகையளவிலேயே தீப்பற்றும். காற்றுப்பட்டுப் பழையதானால் தோலை உறுத்தும். சோயா எஸ்டர் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால், காற்றோடு வினைபுரிந்து உள்ளுக்குள் சூடேறித் தானே எரியவும் கூடும். தேங்காய் இவ்வகையில் மேல். சோயா எண்ணெயின் அயோடின் எண் ஏறத்தாழ 130. தேங்காய் எண்ணெய்க்கு 10-க்குள்தான். இருப்பினும் மூடியுள்ள தகரப் பெட்டியில் துணிகளைப் போடுவதே முறை. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டு வாரம் வாதாடியபின் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பகலில் அவசர வேலைக்குப் பழைய டப்பாவே இருக்கும்; ஆனால் சன்னல் திறந்திருக்கும். இரவில் எந்திரத்தை நிறுத்துமுன் செய்யும் பெரிய கழுவலுக்கு எஸ்டர். அப்போது அவசரமில்லையாதலால் மூன்று நிமிடம் ஒரு பொருட்டன்று. ஆவி மிகுதியாக எழுவதும் அந்தக் கழுவலின்போதே.

போன கிழமை சென்றிருந்தேன். சாச்சா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "உங்கள் எண்ணெய் தீர்ந்துவிட்டது, பேட்டா. இன்னும் இரண்டு புட்டி வேண்டும்" என்றார். விடுதியில் யாரிடமாவது தேங்காய் எண்ணெய் மிகுந்திருந்தால் என் அறைக்குக் கொண்டுவந்து தருக.