கையடக்கப் படக்கருவி: வாங்கும்முன் ஆராய்க

தெலுக் பங்லிமா காராங்கில் வசிக்கும் நான்காம் படிவ மாணவி ஒருத்திக்கு அந்த ஆண்டு புதிய பொறுப்பு ஒன்று வந்து சேர்ந்தது. பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழுக்கு நிழற்படங்கள் எடுத்துத் தர வேண்டும். பள்ளிக்குத் திறன்பேசி கொண்டு வர அனுமதி இல்லை. எனவே, பொறுப்பாசிரியரின் ஒப்புதலோடு சிறிய மின்னிலக்கப் படக்கருவி ஒன்றை வாங்க எண்ணினாள். மூன்று தீபாவளிகளுக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்ததில் அவளிடம் 600 ரிங்கிட் இருந்தது.

இணையச் சந்தையில் தேடியபோது பளபளப்பான புதிய கருவி ஒன்று கண்ணில் பட்டது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால், 64 மில்லியன் படப்புள்ளிகள், 18 மடங்கு உருப்பெருக்கம் என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். விலையோ அவளது சேமிப்பில் பாதிகூட இல்லை. கிள்ளானில் உள்ள ஒரு கடையில் கேனன் நிறுவனத்தின் இக்சஸ் 190 என்னும் பழைய கருவி விற்பனைக்கு இருப்பதாகத் தோழி சொன்னாள். அது 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. 20 மில்லியன் படப்புள்ளிகளும் 10 மடங்கு உருப்பெருக்கமும் கொண்டது. விலை ஏறத்தாழ 600 ரிங்கிட். புதியது, மலிவானது, எண்களில் பெரியது ஒரு பக்கம். பழையது, விலை கூடியது, எண்களில் சிறியது மறுபக்கம். முடிவெடுக்க ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை என்றே அவளுக்குத் தோன்றியது.

அவளுடைய அப்பா தெலுக் பங்லிமா காராங் தொழில்பேட்டையில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை செய்பவர். இரவு வேலை முடிந்து வந்தவர், விளம்பரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பெட்டிமேல போட்டிருக்கிறது விளம்பரம்தான்மா. நாமே சோதிச்சுப் பார்த்த பிறகு கிடைக்கிறதுதான் அளவு,” என்றார்.

அந்த எண்கள் உண்மையில் எதைக் குறிக்கின்றன?

மின்னிலக்கப் படக்கருவியின் உள்ளே, வில்லைக்குப் பின்னால், ஒளியுணரி என்னும் சிறு சில்லு இருக்கிறது. அதன் பரப்பு நெருக்கமான நுண்கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளியை அளந்து ஓர் எண்ணாக மாற்றுகிறது. அவ்வாறு பெறப்படும் ஒவ்வோர் எண்ணும் ஒரு படப்புள்ளி. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியாளர் உருவாக்கிய முதல் மின்னிலக்கப் படக்கருவியில் 10,000 படப்புள்ளிகளே இருந்தன. ஏறத்தாழ 3.6 கிலோகிராம் எடையுள்ள அக்கருவி, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் படப்புள்ளிகள் கூடக் கூடப் படம் தெளிவடைந்தது உண்மைதான். மில்லியன் கணக்கைப் பார்த்து விலை பேசும் பழக்கமும் அப்படித்தான் வேரூன்றியது.

ஆனால், ஒரு படத்துக்கு எத்தனை புள்ளிகள் தேவை என்பதைக் கணக்கிட்டுவிடலாம். நிழற்படக் கடைகளில் ‘4ஆர்’ என்று கேட்டு வாங்கும் படத்தின் அளவு ஆறு அங்குல நீளம், நான்கு அங்குல அகலம். அச்சில் தெளிவாகத் தெரிய ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். எனவே, 1,800ஐ 1,200ஆல் பெருக்கினால் 2.16 மில்லியன். ஆண்டிதழின் ஏ4 பக்கம் முழுவதையும் ஒரே படத்தால் நிரப்பினாலும் ஏறத்தாழ 8.7 மில்லியன் புள்ளிகள்தாம் வேண்டும். அந்த மாணவியின் தேவைக்கு 20 மில்லியனே இரு மடங்குக்கு மேல். மீதமுள்ள 44 மில்லியன் எதற்கு?

மலிவு விலைக் கருவிகள் பலவற்றில் அந்த 44 மில்லியன் இருப்பதே இல்லை. ஒளியுணரி பதிவு செய்த புள்ளிகளுக்கு இடையில், பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைப் பார்த்து, கருவியே கணக்கிட்டு இட்டு நிரப்பியவை அவை. பாலில் தண்ணீர் ஊற்றினால் அளவு கூடும், பால் கூடாது. இதனைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தமிழ் நாளிதழின் ஒரு பக்கத்தைச் சுவரில் ஒட்டி, அது படச் சட்டத்தை நிறைக்குமாறு கருவியை மேசைமேல் வைத்து, மிகப் பெரிய அளவில் ஒரு படமும் அதைவிடச் சிறிய அளவில் ஒரு படமும் எடுக்க வேண்டும். இரண்டையும் கணினியில் திறந்து, சிறிய எழுத்துகள் உள்ள ஒரே பத்தியைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ‘ண’, ‘ன’ வேறுபாடும் மெய்யெழுத்தின் புள்ளியும் முதல் படத்தில் கூடுதலாகத் தெளிந்து தெரியவில்லை என்றால், கூடிய புள்ளிகளால் பயன் எதுவுமில்லை. நினைவக அட்டையில் இடந்தான் வீண்.

உருப்பெருக்கத்திலும் இதே ஏமாற்றம் நிகழ்கிறது. ஒளியியல் உருப்பெருக்கத்தில் வில்லைகள் உண்மையாகவே நகர்ந்து தொலைவில் உள்ளதை அருகே கொண்டுவருகின்றன. மின்னிலக்க உருப்பெருக்கமோ படத்தின் நடுப்பகுதியை வெட்டியெடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவது. நான்கு மடங்கு பெரிதாக்கினால் எஞ்சுவது பதினாறில் ஒரு பங்குப் புள்ளிகள். 18 மடங்கு என்றால் 324இல் ஒரு பங்கு. அந்த மலிவுக் கருவியின் ஒளியுணரியில் உண்மையாக 13 மில்லியன் புள்ளிகள் இருப்பதாகக் கொண்டாலும், 18 மடங்கில் எஞ்சுவது ஏறத்தாழ 40,000 புள்ளிகளே. சாசனின் 1975ஆம் ஆண்டுக் கருவியைப் போல வெறும் நான்கு மடங்கு! காரி தீவுக்குச் செல்லும் பாலத்தில் நின்று லங்காட் ஆற்றின் கரையில் இருக்கும் கொக்கை எடுத்தால், வெள்ளையாக ஏதோ ஒன்று நிற்பது மட்டும் தெரியும். பெரிதாக்கும் பொத்தானை அழுத்தும்போது வில்லை அசைகிறதா என்று பார்த்தாலே வேறுபாடு புரிந்துவிடும்.

விளம்பரங்கள் அதிகம் பேசாத ஓர் அளவு உண்டு. அதுதான் ஒளியுணரியின் பரப்பு. கையடக்கக் கருவிகள் பெரும்பாலானவற்றில் அது ஏறத்தாழ 6.17 மில்லிமீட்டர் நீளமும் 4.55 மில்லிமீட்டர் அகலமும் மட்டுமே. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. தொழில்முறைப் படக்கலைஞர்கள் பயன்படுத்தும் முழுச்சட்டகக் கருவியிலோ 36க்கு 24 மில்லிமீட்டர். பரப்பில் முப்பது மடங்கு வேறுபாடு. மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டாவையும் டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதில் நீர் அதிகம் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல வெயிலில் டம்ளரும் நிரம்பிவிடும். ஜுக்ராவில் 1905ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இஸ்தானா பண்டார் அரண்மனையை முற்பகலில் வெளியே நின்று எடுத்தால் எந்தக் கருவியும் ஏமாற்றாது. அதே அரண்மனையின் நிழல் படிந்த உட்புறத்தை எடுக்கும்போதுதான் சிறிய ஒளியுணரி திணறும். மணல் தூவியதுபோல் படத்தில் புள்ளிகள் தோன்றும்.

தைப்பூசத்தன்று விடியுமுன் பத்துமலைக்குச் சென்று படமெடுத்தவர்களுக்கு இது நன்கு தெரியும். கருவியின் சிறு மின்னொளி மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் பயன் தருவதில்லை. 272 படிகளின் கீழே நின்று மேலே ஏறும் காவடியை நோக்கி அதை எத்தனை முறை மின்ன வைத்தாலும் முன்னால் நிற்பவரின் பின்தலைதான் வெளிச்சமாகும். தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கினால் நிலைமை இன்னும் மோசம். இக்சஸ் 190இன் வில்லை, அகன்ற நிலையில் உள்ளே விடும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் முழு உருப்பெருக்கத்தில் விடுகிறது. ஒளி குறைந்தால் கருவி அதிக நேரம் திறந்திருக்கும்; அதற்குள் கை நடுங்கும், காவடியும் ஆடும். கைநடுக்கத்தைச் சமன் செய்யும் ஒளியியல் நிலைநிறுத்தி அந்தக் கருவியில் உண்டு. அதனோடு வெளிவந்த இக்சஸ் 185இல் படப்புள்ளிகள் அதே 20 மில்லியன்தான். ஆனால், ஒளியியல் நிலைநிறுத்தி இல்லை. உருப்பெருக்கமும் எட்டு மடங்கே. விலை வேறுபாட்டுக்குப் பொருள் அங்கேதான் இருக்கிறது. எனினும், நிலைநிறுத்தி நம் கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும். ஆடுபவரின் ஆட்டத்தை நிறுத்தாது. பெரிதாக்காமல் அருகே சென்று எடுப்பதே அதற்குத் தக்க வழி.

அப்படியானால் திறன்பேசியே போதாதா? பல வேளைகளில் போதும். நல்ல திறன்பேசி மங்கலான இடத்தில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, ஒரு தெளிவான படமாகத் தந்துவிடுகிறது. மலிவான கையடக்கக் கருவிக்கு அந்த ஆற்றல் இல்லை. உலகச் சந்தையும் இதையே காட்டியது. ஜப்பானில் இயங்கும் படக்கருவி உற்பத்தியாளர் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி, வில்லை கழற்ற முடியாத வகைக் கருவிகள் 2010ஆம் ஆண்டில் 108 மில்லியனுக்கு மேல் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023ஆம் ஆண்டில் அவை ஏறத்தாழ 1.7 மில்லியனாகச் சுருங்கின. கோடாக் நிறுவனமே 2012ஆம் ஆண்டில் படக்கருவித் தயாரிப்பைக் கைவிட்டது. இன்று அந்தப் பெயரில் விற்கப்படுபவை உரிமம் பெற்ற வேறொரு நிறுவனத்தின் தயாரிப்புகள். ஆயினும், 2024ஆம் ஆண்டில் கையடக்கக் கருவிகளின் எண்ணிக்கை சற்றே உயர்ந்தது. பழைய படங்களின் நிறச்சாயலை விரும்பும் இளையோர் அவற்றைத் தேடி வாங்கத் தொடங்கியதே இதற்கு முக்கியக் காரணம். அதனால்தான் ஒரு காலத்தில் அலமாரியில் தூங்கிய கருவிகளுக்கும் இன்று இத்தனை விலை. அந்த விலையில் ஒரு பகுதி நாகரிக மோகத்துக்குக் கொடுப்பது என்பதை வாங்குபவர் அறிந்திருப்பது நல்லது.

பழைய கருவியை வாங்குவதென்றால் ஆராய வேண்டியவை வேறு. நம் நாட்டின் ஈரப்பதத்தில் மூடிய அலமாரியில் கிடக்கும் வில்லைகளில் பூஞ்சை எளிதில் படரும். திறன்பேசியின் விளக்கைச் சாய்வாக அடித்து வில்லைக்குள் பார்த்தால் சிலந்தி வலைபோல் அது தெரியும். வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் ஒளியுணரியில் படிந்த தூசு கரும்புள்ளிகளாய் வெளிப்படும். உப்பிய மின்கலத்தைத் தொடவே கூடாது. மின்னேற்றியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த சில கருவிகளுக்கு ‘எக்ஸ்டி’ போன்ற, இப்போது தயாரிக்கப்படாத நினைவக அட்டைகள் தேவைப்படும். அந்தக் காலத்து ‘எஸ்டி’ கருவிகள் பலவும் 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டையை ஏற்பதில்லை. அட்டை கிடைக்காத கருவி அலங்காரப் பொருளாகத்தான் பயன்படும்.

வாங்கும் இடமும் முக்கியம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வணிகம் செய்யும் விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகிறது. பொருளில் குறை இருந்து கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால், 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். அதற்குப் பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். முகம் தெரியாத தனிமனிதரிடம் இணையம்வழி வாங்கிய பழைய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு கிட்டாது.

சனிக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் மடித்த நாளிதழ் ஒன்றுடன் கிள்ளானுக்குப் புறப்பட்டார்கள். கடைக்காரர் முதலில் வியந்தாலும், நாளிதழைச் சுவரில் ஒட்ட இடம் கொடுத்தார். இக்சஸ் 190 எழுத்துகளைத் தெளிவாகவே காட்டியது. ஆனால், விளக்கை அடித்துப் பார்த்தபோது அதன் வில்லையின் ஓரத்தில் மெல்லிய வெண்ணிழைகள் தெரிந்தன. “பூஞ்சைங்க அண்ணே,” என்றாள் அவள். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், மறுத்துப் பேசவில்லை. 50 வெள்ளி குறைத்துத் தருவதாகச் சொன்னார். அப்பா மகளைப் பார்த்தார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

கண்ணாடிப் பேழையின் மூலையில் ஓர் இக்சஸ் 185 இருந்தது. நிலைநிறுத்தி இல்லாதது, கம்பியில்லாத் தொடர்பும் இல்லாததால் படங்களை அட்டைபடிப்பான்வழிதான் கணினிக்கு மாற்ற வேண்டும். வில்லை மட்டும் துளியும் மாசின்றி இருந்தது. வெள்ளைச் சுவர்ச் சோதனையிலும் கரும்புள்ளிகள் இல்லை. விலை 420 வெள்ளி. ஒரு மாத உத்தரவாதம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கினார்கள். மீதிப் பணத்தில் இன்னொரு மின்கலமும் 16 ஜிகாபைட் அட்டையும் சேர்ந்தன. முழுமையாக மின்னேற்றினால் சுமார் 210 படங்கள் எடுக்கலாம் என்பது அந்தக் கருவிக்கு நிறுவனம் தந்த கணக்கு. விளையாட்டுப் போட்டி நாளன்று அது நண்பகலிலேயே தீர்ந்துவிடக்கூடும்.

பள்ளிப் பொங்கல் விழாவில், மண்டபத்தின் உள்ளே வெளிச்சம் குறைவாக இருந்தது. அவள் தூணில் முழங்கையை ஊன்றி, மூச்சை ஒரு கணம் அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.