விண் தரும் நாழிகை

நுழையும்முன்

மேட்டூரில் திறக்கப்படும் நீர் கல்லணையில் பிரிந்து, ஆறு, வாய்க்கால், மடை எனப் படிப்படியாக இறங்கிக் கடைமடை வயலைச் சேர்கிறது. நம் கணினிகள் காட்டும் நேரமும் அவ்வாறே பாய்ந்து வருகிறது. அதன் தலைமடைகளுள் ஒன்று வானில் உள்ளது.

பொழுதளத்தல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு, நீர்க்கடிகை கொண்டு பொழுதைக் கணித்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரைக் காட்டுகிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். முறைவைத்து நீர் பாய்ச்சும் உழவருக்கு இன்றும் நிமிடக் கணக்கே போதும். ஆனால், தஞ்சாவூரில் ஒருவர் அனுப்பும் பணத்தைச் சென்னையிலுள்ள கணினி, அனுப்பியதற்கு முந்தைய நேரத்தில் பெற்றதாகப் பதிவு செய்தால் கணக்கு என்னவாகும்? இக்குழப்பம் நேராமல், வலையமைப்பிலுள்ள கணினிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தை வழங்கும் கருவியே நேரச் சேவையகம்.

குறிப்பலையைத் தேடுதல்

நேரச் சேவையகத்தின் அலைவாங்கி, வானம் மறைவின்றித் தெரியும் மாடியில் நிறுவப்படும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அணுக்கடிகாரங்களைச் சுமந்துள்ளன. அவை அனுப்பும் குறிப்பலை தரையை அடையும்போது, கருவியின் இரைச்சலினும் மெலிந்துவிடுகிறது. திருவாரூர்த் தேரோட்ட நெரிசலில் தாயின் குரலைக் குழந்தை எவ்வாறு கண்டுகொள்கிறது? அக்குரல் அதற்கு முன்பே பழக்கமானது. கருவியும் அவ்வாறே செய்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1023 கூறுகள் கொண்ட தனக்குரிய குறியீட்டை ஆயிரத்திலொரு நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது. கருவி அதன் படியைத் தானே உருவாக்கி, முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. செயற்கைக்கோள் விரைந்து இயங்குவதால் டாப்ளர் விளைவால் அலைவெண் மாறுபடும்; எனவே அலைவெண்ணையும் மாற்றி மாற்றித் தேடுகிறது. இரண்டும் பொருந்தும் கணத்தில் குறிப்பலை இரைச்சலினின்று மேலெழுகிறது.

விடாது தொடர்தல்

கண்டால் மட்டும் போதாது. கைவிடாது தொடர வேண்டும். கருவி தன் குறியீட்டையும் அலைவெண்ணையும் இடையறாது திருத்திக்கொள்கிறது. ஒரு செயற்கைக்கோள் தொடுவானில் மறைவதற்குள் மற்றவற்றைப் பற்றிக்கொள்கிறது. நீளம், அகலம், உயரம், நேரம் என்னும் நான்கையும் அறிய நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. தன் இடத்தைத் துல்லியமாக அறிந்துகொண்ட பின்னர், நேரத்தை அறிய ஒன்றே போதும். ஜி.பி.எஸ். நேரம் 2017 முதல் உலகப் பொதுநேரத்தைவிட 18 நொடி முந்தியுள்ளது. சேவையகம் அவ்வேறுபாட்டைக் கழித்து, வலையமைப்புக்கு நேரத்தைப் பங்கிடுகிறது.

தொடர்பு அறும்போது

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டாவின் மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தகைய பேரிடரில் அலைவாங்கி பழுதுற்றால், மாற்று மின்சாரத்தில் இயங்கும் சேவையகம் தன் உள்கடிகாரத்தை நம்பி நேரத்தைக் காக்கிறது. நேரம் செல்லச் செல்ல அதில் பிழை வளரும். அப்போது பிழையை மறைக்காமல், தன் நேரத்தின் ஐயப்பாட்டையும் சேர்த்து அறிவிப்பதே நல்ல சேவையகத்தின் இலக்கணம். மின்சாரமும் நினைவகமும் இழந்த கருவியோ மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுவிவரத்தை முழுமையாகப் பெற மட்டும் அதற்கு 12½ நிமிடம் ஆகும்.

நமக்கென ஒரு கடிகாரம்

ஜி.பி.எஸ். அமெரிக்க நாட்டிற்கு உரியது. பிறர் மடையை மட்டும் நம்பி நாற்று நடலாமா? இவ்வினாவுக்கு விடையாக இந்தியா உருவாக்கியதே நாவிக் அமைப்பு. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. வெளிநாட்டிலிருந்து பெற்று அதில் பொருத்திய மூன்று அணுக்கடிகாரங்களும் பின்னாளில் பழுதுற்றன. அவ்விழப்போடு முயற்சி நின்றுவிடவில்லை. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்-01, இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட ருபீடியம் அணுக்கடிகாரத்தைச் சுமந்து சென்றது. தலைமடை நம் கையில் இருந்தால்தான் கடைமடைக்கும் உறுதி உண்டு. இது நீருக்கு மட்டுமன்று, நேரத்திற்கும் பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக்கடிகாரங்களைக் கொண்டு அதனைப் பேணுகிறது.

கற்பவை கற்றபின்…

உங்கள் ஊரில் நீர்முறை, கோயில் பூசை, பேருந்து ஆகியவற்றுக்கு நேரம் குறிக்கப்படும் முறைகளைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவற்றுக்குத் தேவைப்படும் துல்லியத்தை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.